கதிரை சொன்ன விடைகள்

நான் ஓய்வு பெற்ற அன்று மேடையில் பேசிய எல்லோரும் என்னைப் பொறுமைசாலி என்றார்கள். முன்வரிசையில் இருந்த என் பழைய மாணவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததுதான் நியாயம். பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையில் என் ஆயுளில் பாதியைக் கழித்தேன். அந்தப் பாதியில் பாதி நாள் எரிந்து விழுந்துகொண்டேதான் இருந்தேன்.

இப்போது புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எண்சட்டத்தை எப்படிப் பிடிப்பது, முடிச்சுக் கயிற்றை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் கைவைக்கவில்லை. மூன்று வருடம் கணக்கே சொல்லிக் கொடுக்காமல், கண்டியிலேயே என்னைப்போலக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் திரிந்த கதையை எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கதிரையை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

கண்டியை அடுத்த அம்பிட்டியவில் மேட்டின் மேல் இருந்த ஒரு பாடசாலையில் பார்வையில்லாத பிள்ளைகளுக்கான எங்கள் விசேட அலகு இருந்தது. ஓர் அறை, தகரக் கூரை, நடுவில் ஒரு பெரிய அலுமாரி. அலுமாரிக்கு இந்தப் பக்கம் நான் கணக்கு. அந்தப் பக்கம் பிரெயில் டீச்சர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கும் பார்வை கிடையாது. அந்த வேலையில் எனக்கு மூத்தவர். என்னை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லில் எப்போதும் ஒரு மெல்லிய கிண்டல் இருப்பதாக எனக்குத் தோன்றும். அது வெறும் தோற்றமில்லை என்பது பிறகு தெரிந்தது.

கணக்குக்கு முதலில் நான் நீள அட்டையில் பச்சைப் பயறை ஒட்டி எண்கோடு செய்தேன். ஒரு பயறு ஓர் எண். விரலால் தடவிக்கொண்டே போனால் கூட்டலாம், கழிக்கலாம். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் எலி எழுபதிலிருந்து தொண்ணூறு வரைக்கும் தின்றுவிட்டிருந்தது. “எழுபதுக்கு அப்புறம் நம்பரே இல்ல சேர்,” என்று ஒரு பிள்ளை கவலையோடு வந்து சொன்னது. அதன் பிறகுதான் கயிற்றுக்கு மாறினேன். சுவரோரம் இழுத்துக் கட்டிய கயிற்றில் நூறு முடிச்சு, பத்து முடிச்சுக்கு ஒரு சட்டைப் பொத்தான். எலி அதைத் தொடவில்லை.

கயிறு வந்த பிறகு என் வகுப்பு அமோகமாக ஓடியது. இருந்தது ஐந்தே பிள்ளைகள். இருபத்தேழும் பத்தொன்பதும் என்பேன். ஒரு விரல் இருபத்தேழாம் முடிச்சிலிருந்து மெல்ல மெல்லப் புறப்படும். நாற்பத்து நாலு, நாற்பத்து ஐந்து, நாற்பத்து ஆறு. அங்கே நிற்கும். “நாற்பத்தாறு சேர்!” அவசரமே கிடையாது. ஒவ்வொரு முடிச்சிலும் தலையைச் சாய்த்து, யோசித்து, அடுத்த முடிச்சுக்குப் போவார்கள். வாயால் கேட்டாலும் அப்படித்தான். “அம்பது... அம்பத்தொன்னு... அம்பத்திரெண்டு சேர்!” என்ன நிதானம் என்று நான் பூரித்துப் போவேன். பார்வையிட வந்த அதிகாரிகளிடம் இதை ஒரு முறையாகவே விளக்கியிருக்கிறேன். இரண்டு பேர் குறிப்பும் எழுதிக்கொண்டு போனார்கள். நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

ஒரே ஒரு குறை இருந்தது. மழை நாளில் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது. வெயிலில் பத்துக்குப் பத்து எடுக்கிற பிள்ளை மழையில் இரண்டு எடுக்கும். குளிரில் மூளை கொஞ்சம் மந்தமாகிறது என்று அதற்கு ஒரு கொள்கை வைத்திருந்தேன். மழைக்காலத்தில் கணக்குக்கு முன்பு எல்லோருக்கும் சூடாக இஞ்சித் தேநீர் கொடுக்கவும் ஏற்பாடு செய்தேன். தேநீரைக் குடித்துவிட்டு மறுபடியும் இரண்டு எடுத்தார்கள்.

ஐந்து பேரில் கெட்டிக்காரி பர்ஹானா. வயது பதினொன்று. கம்பளையில் அவளுடைய வாப்பாவுக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை. விடுதியில் தங்கிப் படித்தாள். அடுத்த வருடம் அவள் ஆறாம் வகுப்புக்கு, டவுனில் ஒரு பெரிய பாடசாலைக்கு, கண் தெரிகிற பிள்ளைகளோடு படிக்கப் போக வேண்டும். அந்தப் பாடசாலை அதிபர் நல்ல மனிதர். சேர்த்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் கணக்கு மட்டும் வேண்டாம், அந்தப் பாட நேரத்தில் பிள்ளை நூலகத்தில் ஆறுதலாக இருக்கட்டும் என்றார்.

எனக்கு வந்த கோபத்தை நான் சொல்லத் தேவையில்லை. ஆறாம் வகுப்பில் கணக்கை விட்ட பிள்ளை பிறகு அதை எட்டிப் பிடித்து நான் பார்த்ததில்லை. பர்ஹானாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. “மத்தப் புள்ளைகள் கணக்கு செய்யக்குள்ள நான் மட்டும் சும்மா இரிக்க ஏலாது சேர்,” என்றாள். மறுநாளே நான் டவுனுக்குப் போய், “உங்கள் கணித ஆசிரியையே அவளைச் சோதித்துப் பார்க்கட்டும், பிறகு முடிவெடுங்கள்” என்று மேசையில் தட்டிவிட்டு வந்தேன். அதிபர் சம்மதித்தார். மூன்று வாரத்தில் சோதனை.

மகளுக்காக நான் சண்டை போட்டதைக் கேள்விப்பட்ட பர்ஹானாவின் வாப்பா, அடுத்த திங்கட்கிழமை கம்பளையிலிருந்து ஒரு புதுப் பிளாஸ்டிக் கதிரையோடு வந்து நின்றார். கைபிடி வைத்த, நீலநிறக் கதிரை. “சேர்ட கதிரைய பார்க்கவே ஏலாம இரிக்கி. இதுல இரிங்க சேர்,” என்றார். என்னுடையது ஏதோ ஓர் அரசாங்கக் கந்தோரில் கழித்துவிட்ட மரக் கதிரை. நான் ஒல்லியான ஆள் இல்லை. என்னைத் தாங்கித் தாங்கி அதன் மூட்டெல்லாம் கழன்றிருந்தது. பழையதை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் புதியதில் அமர்ந்தேன். மெத்தென்று, சத்தமே இல்லாமல் ஏந்திக்கொண்டது.

அன்று நல்ல வெயில். முதலில் சதீஷைக் கூப்பிட்டேன். மஹய்யாவ ஊர்ப் பிள்ளை, வாய் ஓயாது. இருபத்தேழும் பத்தொன்பதும் என்றேன். விரல் புறப்பட்டது. நாற்பத்தாறில் நிற்கவில்லை. ஐம்பதைத் தாண்டியது. எழுபதைத் தாண்டியது. தலை சாய்ந்தபடியே இருந்தது. கடைசியில் நூறாம் முடிச்சையும் தாண்டி, கயிறு கட்டியிருந்த ஆணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்னடா?”

“கயிறு முடிஞ்சிருச்சு சேர். இன்னும் வரல்ல.”

“எது வரல்ல?”

“அதான் சேர்... அது.”

எரிந்து விழுந்தேன். அடுத்த பிள்ளையும் ஆணி வரைக்கும் போனது. அதற்கடுத்த பிள்ளை புறப்படவே மறுத்தது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள், ராத்திரி தூங்கினீர்களா, யாருக்காவது காய்ச்சலா என்று விசாரித்தேன். பிறகு ஐந்து பேரையும் நிற்க வைத்து ஏசத் தொடங்கினேன். பர்ஹானாதான் கையை உயர்த்தினாள்.

“சேர், சதீஷுக்கு ஏசாதீங்க. கதிரை இல்லாம எங்க அஞ்சு பேருக்கும் ஏலாது.”

“கதிரை இருக்கிறதுதானே! உங்க வாப்பா கொண்டுவந்தது!”

“அது பேசாத கதிரை சேர்.”

அலுமாரிக்கு அந்தப் பக்கம் பிரெயில் அச்சுக் குத்தும் சத்தம் நின்றுவிட்டது.

பிறகு பர்ஹானா, எனக்குப் பாடம் நடத்துவது போல நிறுத்தி நிறுத்தி விளக்கினாள். விரல் சரியான முடிச்சுக்கு வந்தால் சேர் முன்னால் சாய்வீர்கள். அப்போது கதிரை ‘கிறீச்’ என்னும். தாண்டிப் போனால் பின்னால் சாய்வீர்கள்; அப்போது ‘டொக்’ என்னும். ரொம்பத் தாண்டினால் சேர் மூக்கால் மூச்சு விடுவீர்கள்.

“மழை பெஞ்சா கேக்காது சேர்,” என்றான் சதீஷ். “தகரத்துல ஒரே சத்தமா இருக்கும்.”

“இத யாரு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?”

“எனக்கு முன்ன இரிந்த தாத்தா சொல்லித் தந்தா,” என்றாள் பர்ஹானா. அவர்கள் வழக்கில் தாத்தா என்றால் அக்கா. “சதீஷுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். சேர்ட வகுப்புக்கு வந்தா மொதப் பாடமே அதான்.”

அவர்கள் ஏமாற்றியதாக நினைக்கவே இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கணக்கு என்றால் இப்படித்தான் செய்வது என்று நம்பியிருந்தார்கள். முடிச்சைத் தொட வேண்டும், சத்தத்தைக் கேட்க வேண்டும், விடை வரும். தொட்டும் கேட்டும் படியுங்கள் என்று சொன்னவன் நான்தானே. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மதியம் பிரெயில் டீச்சரிடம் போனேன்.

“டீச்சர், இது உங்களுக்குத் தெரியுமா?”

“ஓம் மாஸ்டர். தெரியும்.”

“எத்தனை நாளாத் தெரியும்?”

“நீங்கள் வந்த முதல் கிழமையில இருந்து.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்கள் வேணுமெண்டுதான் செய்யிறியள் எண்டு நினைச்சன். பெரிய பெரிய ஆக்கள் வந்து குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டு போச்சினம். ஏதோ புது முறையாக்கும் எண்டு இருந்திட்டன்.” தாளைத் திருப்பிக்கொண்டே சொன்னார். “அந்த இஞ்சித் தேத்தண்ணி மட்டும் ஏனெண்டு எனக்கு விளங்கவே இல்லை.”

சோதனைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. சோதனையைத் தள்ளிப் போடக் கேட்கலாம் என்றேன். “தள்ளிப் போட்டால் அவையள் நூலகத்துக் கதவைத் திறந்து வைப்பினம்,” என்றார். பிளாஸ்டிக் கதிரையிலேயே உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்குகிறேன் என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். “அது காணாது மாஸ்டர். நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில வேற ஒரு டீச்சர் செருமுவா. வளையல் ஆட்டுவா. பிள்ளை அதைப் பிடிச்சுக்கொள்ளும். உங்கட கதிரையில பிள்ளையளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உடையுங்கோ. கதிரையைப் பொய் சொல்லச் சொல்லுங்கோ.”

எனக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளிடம் வேண்டுமென்றே பொய் சொல்வதா? ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. பழைய கதிரை திரும்பி வந்தது. பிள்ளைகள் அதன் கைபிடியைத் தடவி, ஊரிலிருந்து வந்த மாமாவை வரவேற்பது போல வரவேற்றார்கள்.

முப்பத்தைந்தும் இருபதும் என்றேன். விரல் நாற்பத்தைந்துக்கு வந்ததும் முன்னால் சாய்ந்தேன். கிறீச். “நாப்பத்தஞ்சு சேர்!” என்றார்கள் ஐந்து பேரும், சந்தோஷமாக. பிழை என்றேன். நம்பவில்லை. அடுத்த கணக்கிலும் கதிரை பொய் சொன்னது. அதற்கடுத்ததில் உண்மை சொன்னது. அன்று முழுக்க ஐந்து பேரும் தவித்துப் போனார்கள். இரண்டாம் நாள் சதீஷ் சாப்பிடாமல் சத்தியாக்கிரகம் இருந்தான். “சேர் ஏமாத்துறாரு!” என்று எங்கள் பாடசாலை அதிபரிடம் முறைப்பாடு போனது. மூன்றாம் நாள் பர்ஹானா, கிறீச் கேட்டதும் நின்றாள். விரலைத் தூக்கவில்லை. மற்றக் கையால் புறப்பட்ட முடிச்சிலிருந்து பொத்தான் பொத்தானாக எண்ணிக்கொண்டு வந்தாள். “இல்ல சேர். இது பிழை. இன்னும் பத்து போகணும்,” என்றாள்.

அந்த வகுப்பில் அதுதான் முதற்கணக்கு. அன்று நான் வீட்டுக்குப் போகும்போது மஹய்யாவ ஏற்றத்தைக் கால் வலி தெரியாமல் ஏறினேன்.

அதன் பிறகு உழைத்தார்கள். நானும் உழைத்தேன். விடை பிழையாக வரும், நிறைய வரும். அதைப் பார்த்துக்கொண்டு முகத்தால், இடுப்பால், மூச்சால் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைப்போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. சோதனைக்கு முதல் நாள் பர்ஹானா பத்துக்கு ஆறு எடுத்தாள். மறுபடி கேட்டேன், எட்டு. மறுபடி, ஐந்து. மழை நாளிலும் வெயில் நாளிலும் ஒரே மாதிரிப் பிழை விட்டாள் என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

இனி நான் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டிய பகுதி. சோதனை நாள் காலையில் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஐந்தா, ஆறா, எட்டா? ஐந்து எடுத்தால் நூலகம்தான். மேசையில் தட்டிவிட்டு வந்தது நான், நூலகத்தில் இருக்கப் போவது அவள். அலகுக்குப் போய் அந்த மரக் கதிரையைத் தூக்கி முச்சக்கர வண்டியின் பின்னால் கட்டினேன்.

“மாஸ்டர், கதிரை எங்கை போகுது?” உள்ளேயிருந்து டீச்சரின் குரல்.

“முதுகு வலி டீச்சர். கண்ட கண்ட கதிரையில இருக்க முடியாது.”

“ஓம் ஓம். நேற்று வரைக்கும் நல்ல முதுகாத்தான் இருந்தது,” என்றார்.

பர்ஹானா வண்டியில் ஏறும்போது அவள் கை பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கதிரைக் காலில் பட்டது. ஒரு கணம் தடவிப் பார்த்தாள். டவுனில் பாடசாலை வாசலில் அவளுடைய வாப்பா காத்திருந்தார். நான் கதிரையை இறக்குவதைக் கண்டதும் அவர் முகம் வாடிவிட்டது. “சேர், நான் தந்த கதிரை அதுக்குள்ள உடைஞ்சிட்டா?” என்றார். முதுகு வலிக் கதையை அவரிடமும் சொன்னேன்.

கணித ஆசிரியை என் மகள் வயதுப் பெண். கறாரான முகம். மேசையில் எங்கள் கயிற்றை நான்கு வரிசையாக மடித்துக் கட்ட விட்டார். நான் என் கதிரையைப் போட்டு, பர்ஹானாவுக்குப் பக்கவாட்டில் அமர்ந்தேன். முதல் இரண்டு கணக்கு சின்னது. அவளே சொல்லிவிட்டாள். நான் அசையவில்லை.

மூன்றாவது கணக்கு. “ஒரு பஸ்ஸுல நாப்பத்து மூனு பேர். பேராதெனியவுல பதினேழு பேர் எறங்குறாங்க, இருபத்தெட்டு பேர் ஏறுறாங்க. இப்ப எத்தனை பேர்?”

விரல் நாற்பத்து மூன்றிலிருந்து பின்னால் நகர்ந்து இருபத்தாறுக்கு வந்தது. சரி. அங்கிருந்து முன்னால் புறப்பட்டது. மிக மெல்ல. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு தடவை, இந்த ஒரு கணக்குக்கு மட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இருபத்தாறும் இருபத்தெட்டும் நாற்பத்து நாலு. விரல் நாற்பத்து நாலைத் தொட்டது. முன்னால் சாய்ந்தேன்.

கிறீச்.

விரல் நின்றது. அதே கணத்தில்தான் எனக்கு உறைத்தது. ஆறும் எட்டும் பதினாலு. கையில் ஒன்று. அந்த ஒன்றை நான் கூட்டவில்லை. ஐம்பத்து நாலு! கணக்கு வாத்தியார், பதற்றத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை விடுகிற பிழையை விட்டிருக்கிறேன். விட்ட பிழையைக் கதிரையால் அடித்துச் சொல்லியும் இருக்கிறேன். அடித்த கிறீச்சைத் திருப்பி எடுக்க முடியாது. அந்தப் பிள்ளை நாற்பத்து நாலு என்று சொல்லிவிட்டால், அவளுடைய கணக்கை என் இடுப்பாலேயே முடித்துவைத்தவன் நான்தான்.

பர்ஹானா என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“சேர், இன்டைக்குமா?” என்றாள், சலிப்போடு.

திரும்பிக்கொண்டு, விரலை நகர்த்திக்கொண்டே போய், ஐம்பத்து நாலில் நிறுத்தினாள். “அம்பத்து நாலு மிஸ்.”

ஆசிரியை அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அது என்னங்க சேர், ‘இன்டைக்குமா’?”

பர்ஹானா முந்திக்கொண்டாள். “சேர் கதிரைய வெச்சி பிழையா சொல்லித் தருவாங்க மிஸ். நாங்க நம்புறமான்னு பார்க்க.”

பாருங்கள், எனக்கு ஓர் அருமையான வாசல் திறந்திருந்தது. ஆமாம் மிஸ், இது எங்கள் விசேட முறை என்று சொல்லியிருந்தால் அந்த ஆசிரியையும் குறிப்பு எழுதியிருப்பார். பெயரும் மானமும் மிஞ்சியிருக்கும். ஆனால் ஒரு பிள்ளை எனக்கு முன்னால் சரியான கணக்கை நேர்மையாகச் செய்து வைத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதற்கு மேல் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“இல்லைங்க மிஸ்,” என்றேன். “சரியான விடைய சொல்லிக் கொடுக்கத்தான் கதிரைய கொண்டாந்தேன். கூட்டும்போது நான்தான் பிழை விட்டுட்டேன்.”

அவருக்கு முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுக்கொண்டிருந்தபோது ஒருமுறை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். முடிந்ததும் முகத்தைக் கறாராக்கிக்கொண்டு, “சேர், தயவு செஞ்சு வெளிய போங்க. கதிரையையும் எடுத்துக்குங்க. நான் முதல்லருந்து வேற பத்து கணக்கு கேக்குறேன்,” என்றார். கதவைச் சாத்தினார்.

விறாந்தையில் கதிரையை வைத்தேன். பர்ஹானாவின் வாப்பா ஓடி வந்தார். “சேர், முதுகு வலின்னீங்களே, இரிங்க.” “வேணாம், நீங்க இருங்க,” என்றேன். “ச்சே, சேர் நிக்கக்குள்ள நான் இரிக்கவா?” என்றார். வெறும் கதிரைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் காவல் நிற்பது போல அரை மணித்தியாலம் நின்றோம். உள்ளே என்ன நடக்கிறதென்று ஒரு சத்தம்கூட வரவில்லை. சத்தத்தை வைத்து விடை தேடுகிறவனின் தவிப்பு எனக்கு அன்றுதான் விளங்கியது.

கதவு திறந்தது. “பத்துக்கு ஒன்பது,” என்றார் ஆசிரியை. “கணக்குப் பாடத்துக்கு வரட்டும். அதிபர்கிட்ட நான் சொல்றேன்.” வாப்பா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆசிரியை என் பக்கம் திரும்பினார். “பிள்ளை வரட்டும் சேர். கதிரை வரக்கூடாது.”

திரும்பி வரும்போது அம்பிட்டிய வளைவுகளில் கதிரை பின்னாலிருந்து கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் பர்ஹானா, “பிழை,” என்றாள். பிறகு அதை விட்டுவிட்டு, விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள். ஒரு கணக்குப் பிழைத்ததை நினைத்து வருந்துகிறாள் என்று எண்ணி, “ஒன்னுதானே, பரவாயில்ல,” என்றேன்.

“கவலை இல்ல சேர். யோசிச்சிட்டு வாறேன். எட்டு அம்பதுக்குப் பஸ் வெளிக்கிட்டு, நாப்பத்தஞ்சு நிமிஷத்துல போய்ச் சேந்தா எத்தன மணின்னு மிஸ் கேட்டாங்க. நான் எட்டு தொண்ணூத்தஞ்சுன்னு சொன்னேன்.” நிறுத்தினாள். “அது கதிரைட பிழை இல்ல சேர். உங்கட பிழையும் இல்ல. என்ட பிழை.”

சொன்ன குரலில் அவ்வளவு பெருமை. மூன்று வருடத்தில் அவள் ஒரு பிழையைக்கூடத் தன் பிழை என்று சொன்னதில்லை. நான் சொல்ல விடவில்லை. நான் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவளுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைப்பது சுலபம், மூக்கை உறிஞ்சாமல் இருப்பதுதான் சிரமம்.

நாளை உங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் எல்லா விடைகளையும் சரியாகச் சொன்னால், தயவுசெய்து சந்தோஷப்படுவதைக் கொஞ்சம் ஒத்தி வையுங்கள். உங்கள் வளையலைக் கழற்றிப் பாருங்கள். செருப்பைக் கழற்றிப் பாருங்கள். பேனாவை மேசையில் தட்டுகிறீர்களா, சரியான விடைக்கு முன்பு மூச்சை இழுக்கிறீர்களா என்று பக்கத்து அறை ஆளிடம் கேளுங்கள். நாம் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் பிள்ளைகள் நம்மை வாசித்துக்கொண்டே இருப்பார்கள்.

அலகுக்கு வந்ததும் நான் கதிரையை அலுமாரிக்குப் பின்னால் போட்டேன். டீச்சர், “முதுகு எப்படி மாஸ்டர்?” என்று மட்டும் கேட்டார். அதற்குள் பர்ஹானா மற்ற நான்கு பேரையும் கூட்டி வைத்து, தான் விட்ட பிழையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எட்டு தொண்ணூத்தஞ்சா?” என்றான் சதீஷ். விரலை விட்டு எண்ணினான். “அம்பதும் நாப்பத்தஞ்சும் தொண்ணூத்தஞ்சு. சரியாத்தானே இருக்கு?”

மற்ற மூவரும் யோசித்தார்கள். சரியாகத்தான் இருக்கிறது என்று அவர்களுக்கும் பட்டது போலிருந்தது.

“சேர், இது சரிதானே?” என்றான் சதீஷ்.

ஐந்து தலைகளும் என் பக்கம் திரும்பிச் சாய்ந்தன. நான் சுவரோரம், செருப்பில்லாமல், அசையாமல் நின்றேன். மூச்சைக்கூட விடவில்லை.